பனிவெளிக்குப் பிள்ளைகளோடு

நார்வேயின் வடகோடியிலுள்ள ஃபின்மார்க், பரப்பில் டென்மார்க்கைவிடப் பெரியது. அங்கே வாழ்பவர்களோ ஏறத்தாழ 75,000 பேர். ஒஸ்லோவிலிருந்தும், ஜெர்மனி, நெதர்லாந்து போன்ற நாடுகளிலிருந்தும் இளம் பெற்றோர் சிலர் கைக்குழந்தைகளோடு இங்கே குடியேறுகிறார்கள். குளிர்காலத்தில் வாசலிலிருந்தே பனிச்சறுக்கு, கோடையில் ஆற்று மீன், அதன்பின் வேட்டை என்று பிள்ளைகள் திறந்தவெளியில் வளர வேண்டும் என்பது அவர்கள் ஆசை. ஆசையில் குறையில்லை. ஆனால் இந்தக் குடிபெயர்வு பற்றிய புகழுரைகள் எல்லாம் இயற்கையைப் பற்றியே பேசுகின்றன. ஒரு குடும்பம் அங்கே நிலைப்பதா திரும்புவதா என்பதைத் தீர்மானிப்பவையோ பெரும்பாலும் வேறு.

வலுவான பக்கத்தை முதலில் பார்ப்போம். நார்வேயில் ஒரு வயதிலிருந்து பாலர் பள்ளியில் இடம் பெறுவது குழந்தையின் சட்ட உரிமை. மழையோ பனியோ, பிள்ளைகள் தினமும் வெளியே போவார்கள். உள்ளே கம்பளி, மேலே நீர்புகா உடை. நனைந்தால் குளிரேற்றும் பருத்தியை மட்டும் தவிர்ப்பார்கள். கைக்குழந்தைகள்கூடத் தள்ளுவண்டியில், திறந்தவெளியில் பகல் தூக்கம் போடுவது சாதாரணம். 1957-ஆம் ஆண்டின் சட்டம், பயிரிடப்படாத நிலத்தில் யாரும் நடக்கலாம், குடியிருப்பிலிருந்து 150 மீட்டர் தள்ளிக் கூடாரம் அடிக்கலாம் என்கிறது. 1868-இல் தொடங்கிய நார்வே மலையேற்றச் சங்கம், நாடெங்கும் ஐந்நூறுக்கும் மேற்பட்ட மலைக்குடில்களை நடத்துகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, மாலை நான்கு மணிக்கெல்லாம் பெற்றோர் வேலை முடிந்து வீட்டில் இருக்கிறார்கள்.

இங்கேதான் ஒரு கேள்வி எழுகிறது. மேற்சொன்ன எதற்கும் வடக்கே போகத் தேவையில்லை. ஒஸ்லோவில் பனிச்சறுக்குக் கட்டைகளைத் தோளில் போட்டு மெட்ரோ ஏறினால் நூர்மார்க்கா காட்டின் விளிம்பில் இறங்கலாம். சட்டமும் பாலர் பள்ளியும் வேலை நேரமும் தெற்கிலும் அவையேதான். அப்படியானால் வடக்கு கூடுதலாகத் தருவது என்ன?

ஒன்று, பணம். 1980-களின் இறுதியில் காட் மீன் வளம் சரிந்து, கடலோர ஊர்கள் காலியாகத் தொடங்கின. 1990-இல் அரசு ஃபின்மார்க்கையும் அதையடுத்த வட துரோம்ஸின் சில உள்ளாட்சிகளையும் சேர்த்துச் சிறப்பு மண்டலமாக அறிவித்தது. அங்கே வாழ்ந்து வேலை செய்பவர்களின் கல்விக் கடனில் ஒரு பகுதி ஆண்டுதோறும் தள்ளுபடியாகிறது. தெற்கில் 22 விழுக்காடாக உள்ள அடிப்படை வருமான வரி இங்கே 18.5. 2023 ஆகஸ்ட் முதல் பாலர் பள்ளிக்குக் கட்டணமே இல்லை. இரண்டு பிள்ளைகள் உள்ள இளம் குடும்பத்துக்கு இது சில்லறை விஷயம் அல்ல.

மற்றொன்று, நிலம். 2005-இன் ஃபின்மார்க் சட்டம், அதுவரை அரசு வசமிருந்த, மாவட்டத்தின் ஏறத்தாழ 95 விழுக்காடு நிலத்தை அங்கு வாழ்பவர்களுக்கான தனி அமைப்பிடம் ஒப்படைத்தது. வேட்டை, தூண்டில் மீன்பிடிப்பு, மஞ்சள் நிறச் சதுப்புப் பெர்ரிகளைப் பறித்தல் ஆகியவற்றில் உள்ளூர்வாசிக்கு வெளியாளைவிடக் கூடுதல் உரிமை உண்டு. வந்து குடியேறியவருக்கும் அந்த உரிமை கிடைக்கிறது.

ஆனால் அந்த உரிமை யார் போராட்டத்தில் விளைந்தது? 1979 முதல் 1981 வரை ஆல்ட்டா ஆற்றின் அணைக்கு எதிராகச் சாமி பழங்குடியினர் நடத்திய போராட்டத்தோடு தொடங்குகிறது அதன் கதை. அணை கட்டப்பட்டது; ஆனால் சாமி மக்களின் நில உரிமைக் கேள்வியை அரசால் அதன்பின் ஒதுக்க முடியவில்லை. 1989-இல் அவர்களுக்கான நாடாளுமன்றம் காராஷோக்கில் அமைந்தது. புதிதாக வருபவர் கண்ணுக்கு வெறும் பனிவெளியாகத் தெரிவது அவர்களின் பனிமான் மேய்ச்சல் நிலம். பனி வண்டி ஓட்டவும் நாயை அவிழ்த்துவிடவும் கட்டுப்பாடுகள் இருப்பது இதனாலும்தான். ‘ஆளற்ற காடு’ என்ற கனவோடு வருபவர்கள் முதலில் கைவிட வேண்டியது அந்த ஆளற்ற என்ற சொல்லை.

குறைகள் என்றதும் எல்லோரும் இருட்டைச் சொல்வார்கள். துரோம்சோ நகரில் நவம்பர் இறுதியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை சூரியன் அடிவானத்துக்கு மேலே வராது. ஃபின்மார்க்கில் இந்தக் காலம் இன்னும் நீளும். 2014-15-இல் துரோம்சோவில் ஆய்வு செய்த அமெரிக்க உளவியலாளர் காரி லைபோவிட்ஸ், வடக்கே போகப் போகக் குளிர்காலத்தை மக்கள் மேலும் உற்சாகமாகவே பார்ப்பதைக் கண்டார். நல்ல செய்திதான், ஆனால் அதை ஒரு சந்தேகத்தோடு படிக்க வேண்டும். இருட்டைத் தாங்க முடியாதவர்கள் ஏற்கெனவே கிளம்பிப் போயிருப்பார்கள். இருப்பவர்களிடம் கேட்டால் பிடித்திருக்கிறது என்றுதான் சொல்வார்கள். மனநிலை உதவும். தூக்கம் கெட்ட கைக்குழந்தையிடம் மனநிலை பற்றிப் பேச முடியாது.

இருட்டாவது ஆண்டுதோறும் முடிந்துவிடும், தூரம் முடிவதில்லை. டென்மார்க்கைவிடப் பெரிய நிலப்பரப்புக்கு இரண்டே பொது மருத்துவமனைகள்: ஹம்மர்ஃபெஸ்ட், கிர்க்கெனெஸ். மாவட்டத்தின் பெரிய ஊரான ஆல்ட்டாவில் மருத்துவச்சிகள் நடத்தும் பிரசவப் பிரிவு உண்டு. சிக்கலான பிரசவம் என்றால் சுமார் 140 கிலோமீட்டர் பயணம். பனிப்புயலில் மலைச்சாலைகள் மூடப்படும். அல்லது பனி அகற்றும் வண்டியின் பின்னால் வரிசையாக மட்டுமே போகலாம். வீட்டுச் சிக்கலும் தலைகீழானது: கட்டும் செலவைவிட விற்கும் விலை குறைவு என்பதால் வங்கிகள் கடன் தரத் தயங்குகின்றன. ஆள் வேண்டும் என்று அழைக்கும் ஊரிலேயே குடியிருக்க வீடு கிடைப்பதில்லை.

இவை எல்லாவற்றையும்விடக் குறைவாகப் பேசப்படுவது பதினாறாம் வயது. சிற்றூர்கள் பலவற்றில் மேல்நிலைப் பள்ளி இல்லை. பதினாறு வயதில் பிள்ளை வேறு ஊருக்குப் போய், அறை எடுத்து, தானே சமைத்துப் படிக்க வேண்டும். அதற்கு அரசு உதவித்தொகை தருகிறது என்பதிலிருந்தே வழக்கம் எவ்வளவு பரவலானது என்று தெரியும். பிள்ளையோடு கூடுதல் நேரம் கழிப்பதற்காக வடக்கே வந்த பெற்றோர், தெற்கே இருந்திருந்தால் பிரிந்திருப்பதைவிட முன்னதாகவே பிள்ளையைப் பிரிகிறார்கள்.

இந்தக் கணக்கை நம்மவர்கள் முன்பே போட்டுப் பார்த்திருக்கிறார்கள். 1980-களில் நார்வே வந்த ஈழத்தமிழர் பலர் போட்ஸ்ஃபியூர்ட் போன்ற வட ஊர்களின் மீன் ஆலைகளில் வேலை செய்தனர். அவர்கள் பனிச்சறுக்கைத் தேடி வந்தவர்களல்லர்; உள்ளூர்க்காரர் விட்டுச்சென்ற வேலையைச் செய்து அந்த ஊர்களை ஓட வைத்தவர்கள். காலப்போக்கில் பலரும் ஒஸ்லோப் பக்கம் நகர்ந்தனர். பிள்ளைகளின் படிப்பு, உறவினர், தமிழ்ப் பள்ளி, கோயில் ஆகியவை இழுத்தன. விரும்பி வந்தவரையும் வேறு வழியின்றி வந்தவரையும் கடைசியில் ஒரே வகைக் கேள்விகள்தான் பெயர்த்தெடுக்கின்றன.

அரசின் சலுகைகள் தவறுவதும் இந்தக் கேள்விகளில்தான். அவை தனி மனிதரின் பைக்குப் போகின்றன. ஒழுகுவதோ ஊரின் கூரை. கடன் தள்ளுபடி ஒருவரைச் சில ஆண்டுகள் இருக்க வைக்கலாம். பிரசவப் பிரிவும் மேல்நிலை வகுப்பும் இல்லாத ஊரில் அவரது குடும்பத்தை அது கட்டிப்போடாது. இலவசப் பாலர் பள்ளி இதில் விதிவிலக்கு. அது குடும்பத்துக்கும் உதவுகிறது, ஊரிலும் ஒரு நிறுவனத்தை நிறுத்திவைக்கிறது. மற்ற சலுகைகளும் அந்த வழியில் போக வேண்டும்.

பெற்றோர் இருவருக்கும் நிலையான வேலை, ஒன்றிலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் ஆரோக்கியமான பிள்ளைகள், மேல்நிலைப் பள்ளியும் மருத்துவமும் எட்டும் தொலைவில் உள்ள ஊர்: இந்த மூன்றும் அமைந்தால் ஃபின்மார்க் தரும் பிள்ளைப்பருவம் அரிது, போவது நியாயம். ஒன்று குறைந்தாலும், குறிப்பிட்ட காலத்துக்கு என்று சொல்லிக்கொண்டு போவதே நேர்மை. நிரந்தரமாக என்று பிள்ளைகளிடம் வாக்குக் கொடுத்துவிட்டுப் பதினாறில் அவர்களைத் தனியே அனுப்புவதைவிட அது மேல்.