ஆசீவகர் யார்? வரிப் பட்டியல் சொல்லும் சாட்சி

போன பொங்கல் விழாவில், பந்தியில் உட்கார்ந்திருந்தபோது, கல்லூரியில் படிக்கும் நம்ம வீட்டுப் பிள்ளை ஒருத்தி கேட்டாள்: "பெரியப்பா, ஆசீவகம்தான் தமிழரோட ஆதி மதமாமே, நெசமா?" எனக்கு முன்னாலேயே பக்கத்து நண்பர், "ஆமாம்மா, நம்ம அய்யனாரே ஆசீவகர்தான்" என்று முடித்துவிட்டார். எனக்கு அத்தனை சுலபமாகத் தலையாட்ட முடியவில்லை. அதற்குள் இலையில் பாயசம் விழுந்தது, தப்பித்தேன். அந்தப் பாக்கியை இந்த மலரில் தீர்த்துவிடலாம் என்று எழுதுகிறேன்.

புத்தரும் மகாவீரரும் வாழ்ந்த காலத்தில் எழுந்த துறவு நெறி ஆசீவகம். தலைவர் மற்கலி கோசாலர். எல்லாம் ஊழின்படியே நடக்கும், மனித முயற்சியால் ஆவது ஒன்றுமில்லை என்பது கொள்கை. அசோகர் கயைக்கு வடக்கே பராபர் மலையில் இவர்களுக்குக் குகைகள் வெட்டிக் கொடுத்தார். அவ்வளவு செல்வாக்கு இருந்தும் இவர்கள் எழுதிய நூல் ஒன்றுகூட நமக்குக் கிடைக்கவில்லை. மணிமேகலை பௌத்த நூல், நீலகேசி சமண நூல், சிவஞான சித்தியார் சைவ நூல். மூன்றுமே ஆசீவகரைப் பேசவிட்டு மறுத்து அனுப்புகின்றன. எதிர்க்கட்சி வக்கீல் எழுதிய வாக்குமூலத்தைத்தான் நாம் வைத்திருக்கிறோம்.

சிலப்பதிகாரத்தில் மட்டும் ஒரு குடும்பச் செய்தி இருக்கிறது. கண்ணகி மதுரையை எரித்த செய்தி புகாருக்கு எட்டியதும், கோவலனின் தந்தை மாசாத்துவான் புத்த சங்கத்துக்குப் போகிறார்; கண்ணகியின் தந்தை மாநாய்கன் தன் செல்வத்தைத் தானம் செய்துவிட்டு ஆசீவகரிடம் போகிறார். மேடைக்கு மேடை சிலம்பு பேசுகிறோம், இதைச் சொல்பவர் குறைவு. மகளைப் பறிகொடுத்த மனிதருக்கு, "நீ என்ன செய்திருந்தாலும் நடந்தது நடந்தேதான் தீரும்" என்று சொல்லும் சமயம் எத்தனை பெரிய மருந்தாக இருந்திருக்கும்!

சொந்த நூல் இல்லாதவனுக்கு யார் வேண்டுமானாலும் பெயர் வைக்கலாம் அல்லவா? பழைய ஆராய்ச்சியாளர்கள் அதைத்தான் செய்தார்கள். கெர்னும் பியூலரும் இவர்களை வைணவர் என்றார்கள். தமிழ்க் கல்வெட்டுகளைப் பதிப்பித்த ஹுல்ஷ் சமணர் என்று கருதினார். 1912இல் பாடக் பௌத்த பிக்குகள் என்றார். அதே வருஷம் பண்டார்கர் மறுத்தார். 1951இல் ஏ.எல். பாஷம் தனிப் புத்தகம் எழுதிய பிறகுதான் இவர்கள் தனிச் சமயத்தார் என்பது உறுதிப்பட்டது. வெளிநாட்டிலும் இதே கதைதான். எகிப்தில் அலெக்சாந்திரியா பக்கம் ஏரிக்கரையில் தியானத்தில் வாழ்ந்த தெரப்யூட்டே என்ற கூட்டத்தைப் பற்றி ஃபிலோ எழுதினார். பிற்காலத்தில் யூசிபியஸ் அவர்களைக் கிறிஸ்தவர் என்றார். இந்தக் காலத்தில் சிலர் 'தேர' என்ற பாலிச் சொல்லோடு ஒலி பொருந்துகிறது என்று பௌத்தர் ஆக்குகிறார்கள். கிரேக்க மொழியிலேயே அந்தப் பெயருக்குத் தொண்டு செய்வோர், குணமாக்குவோர் என்று நேரான பொருள் இருக்கும்போது பாலிக்கு ஏன் போக வேண்டும்?

நம் பக்கத்தில் முனைவர் க. நெடுஞ்செழியன் (2022இல் மறைந்தார்) ஆசீவகம் தமிழர் சமயம் என்றும் அய்யனார் அதன் அடையாளம் என்றும் நிறைய எழுதினார். தமிழ் வாசகரை இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க வைத்தவர் அவர்தான், அந்த நன்றி எனக்கு உண்டு. ஆனால் பாலி நூல்கள் சொல்லும் பகுத கச்சாயனரைச் சங்கப் புலவர் பக்குடுக்கை நன்கணியார் ஆக்கும்போது, தெரப்யூட்டே விஷயத்தில் நாம் சிரித்த அதே ஒலிக்கணக்கைத்தானே போடுகிறோம்? கோசாலர் சிராவஸ்தியில் ஆலாகலா என்ற குயத்திப் பெண்ணின் பட்டறையில் தங்கியிருந்ததாகச் சமண நூல் சொல்கிறது. எதிரி எழுதியதுதான், ஆனால் ஊரை மாற்றிச் சொல்ல எதிரிக்கு என்ன லாபம்?

ஆதி மதம் என்று நிரூபிக்க முடியாது. ஆனால் தென்னாட்டில் நீண்ட காலம் வாழ்ந்தார்கள் என்று நிரூபிக்கலாம், அதற்குச் சாட்சி நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 2022 வரை நாயுடுபேட்டையும் நெல்லூர் மாவட்டம்தானே. அதே மாவட்டத்தில், புச்சிரெட்டிபாளையம் பக்கம் வவ்வேருவில் பல்லவன் சிம்மவர்மனின் செப்பேடு கிடைத்தது. 5ஆம் நூற்றாண்டு, வடமொழி. விளவட்டி என்ற ஊரைத் தானம் கொடுக்கும்போது அங்கே வரி கட்டுவோரை வரிசையாகச் சொல்கிறது: உலோக வேலைக்காரர், தோல் வேலைக்காரர், துணிக்கடைக்காரர், கயிற்றில் வித்தை காட்டுவோர், நெசவாளர். அந்த வரிசையின் நடுவில் ஆசீவகர். 13ஆம் நூற்றாண்டில் வேலூர் விரிஞ்சிபுரம் அருகே பொய்கைக் கல்வெட்டுகளிலும் தறிக்கும் கடைக்கும் செக்குக்கும் உள்ள வரிகளோடு ஆசீவகர் பேரில் வரி வருகிறது. வாதத்தில் ஜெயிக்க வேண்டிய கட்டாயம் கணக்கனுக்கு இல்லை, அதனால் அவனை நம்புகிறேன். ஆசீவம் என்றால் பிழைப்பு வழி. காட்டில் ஒளிந்த மர்மக் கூட்டமாக அவர்கள் இங்கே தெரியவில்லை. தறிக்காரருக்கும் செக்குக்காரருக்கும் பக்கத்து வீட்டுக்காரராக, எண்ணூறு வருஷம் காசு கட்டிக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

அந்தப் பிள்ளைக்கு மணிமேகலையின் 27ஆம் காதையைப் பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். வஞ்சியில் ஆசீவக முதியவர் தன் கொள்கையைச் சொல்லும் இடம் அதில்தான் வருகிறது. நண்பருக்கும் ஒரு பிரதி உண்டு.