நாட்டார் இசையும் நவீன ஜாஸும்: ஹங்கேரிய அனுபவம்

இருவேறு இசை மரபுகளை ஒருங்கே ஒலிக்கச் செய்தல் எளிது. அவ்விணைப்பில் இரண்டும் உயிரோடிருத்தல் அரிது. நாட்டார் மெட்டொன்றுக்கு மேனாட்டு வாத்தியங்களைச் சேர்த்துவிட்டால் புதிய இசை பிறந்துவிடும் என்ற எண்ணம் நம்மிடையே உண்டு. அவ்வெண்ணத்தைச் சோதிப்பதற்கு ஹங்கேரிய நாட்டார் இசைக்கும், வாசிக்கும்போதே கற்பனையால் விரித்துச் செல்வதை உயிராகக் கொண்ட ஜாஸ் இசைக்கும் ஏற்பட்ட உறவு தக்க சான்றாகும்.

இவ்வுறவுக்கு அடித்தளமிட்டவர்கள் பேலா பார்டோக்கும் சோல்டான் கோடாயும் ஆவர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவர்கள் கிராமங்கள்தோறும் சென்று குடியானவர் பாடல்களை மெழுகு உருளைகளில் ஒலிப்பதிவு செய்தனர். 1906இல் இருபது பாடல்களை இணைந்து வெளியிட்டனர். அப்பாடல்களில் இருவகை நடைகள் தெளிவாயின. ஒன்று, தாளக்கட்டுக்கு அடங்காது பேச்சின் போக்கைத் தழுவி நீண்டும் குறுகியும் செல்வது. மற்றையது, ஆட்டத்துக்குரிய இறுகிய தாளத்தில் அமைவது. நாட்டார் இசையை இசைஞன் பயன்படுத்தும் முறைகளை 1931இல் பார்டோக் மூன்றாக வகுத்தார்: மெட்டை அவ்வாறே எடுத்துப் பின்னணி சேர்த்தல், அதுபோன்ற மெட்டைத் தானே ஆக்குதல், மெட்டெதுவுமின்றி அவ்விசையின் இயல்பையே தன் மொழியாக்குதல். மூன்றாவதே முதிர்ந்த நிலை எனலாம்.

ஜாஸ் கிளாரினெற் கலைஞர் பென்னி குட்மனுக்காகப் பார்டோக் 1938இல் ஆக்கிய ‘கொன்ட்ராஸ்ற்ஸ்’ இவ்விரு உலகங்களும் அண்மித்த ஓரிடம். ஆயினும் அது முழுதும் எழுதப்பட்ட இசை. ஜாஸின் கற்பனைச் சுதந்திரத்துக்கு அதில் இடமில்லை. 1956இல் நாட்டைவிட்டு அமெரிக்கா சென்ற கிற்றார் கலைஞர் காபோர் சாபோ அச்சுதந்திரம் உடையவர். எனினும் அவரது இசையில் ஹங்கேரியச் சாயல் பெரும்பாலும் சீரான தாளத்தின்மேல் பூசப்பட்ட வண்ணமாகவே நிற்கிறது. மருத்துவராகவும் பணியாற்றிய பியானோ கலைஞர் ஜியோர்ஜ் சாபாடோஸ் இவர்களின் வேறுபட்டவர். 1975இல் வெளிவந்த ‘திருமணம்’ என்ற இசைத்தட்டு முதலாக, தாளக்கட்டற்ற பழம்பாடலின் மூச்சையே தமது வாசிப்பின் ஒழுங்காக்க அவர் முயன்றார். கட்டற்ற ஜாஸும் கட்டற்ற நாட்டார் பாடலும் ஒன்றையொன்று இனங்கண்ட இடம் அது.

தமிழரிடையே இதற்கு நெருங்கிய முயற்சி ‘சக்தி’ குழுவினுடையது. யாழ்ப்பாணத்தில் இளமையைக் கழித்த வயலின் கலைஞர் எல். சங்கரும் கடம் விநாயக்ராமும், தபேலாக் கலைஞர் சாகிர் உசேனும் ஜாஸ் கிற்றார் கலைஞர் ஜோன் மக்லாஃப்லினுடன் 1975இல் நிகழ்த்திய கச்சேரியே அதன் முதல் இசைத்தட்டாயிற்று. மனோதர்மமும் லய நுணுக்கமும் அங்கே பாலமாயின. ஆனால் அது பயிற்சியும் இலக்கணமும் நிறைந்த சாஸ்திரிய இசையின் சந்திப்பு. இலக்கணம் எழுதப்படாத நாட்டார் இசைக்கு அவ்வழி அவ்வாறே பொருந்தாது.

கல்முனை முதல் பொத்துவில் வரையுள்ள முஸ்லிம் ஊர்களின் இசைக்கு ஹங்கேரிய அனுபவமே நெருங்கியது. அங்கும் இருவகை நடைகள் உள. வயற்காவலிலும் தனிமையிலும் நீட்டி இசைக்கப்படும் கவி பேச்சின் வழிச் செல்வது; பொல்லடியும் றபான் இசையும் இறுகிய தாளத்தன. கவியை மின்னிசைக் கருவியின் மாறாத தாளத்துக்குள் அடைத்தால் சொல் எஞ்சும், கவி எஞ்சாது. அடியிறுதியில் குரல் நீளும் இடமும் மூச்சு முறியும் இடமுமே அதன் இசை.

நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்றோர் கவிகளைத் தேடித் தொகுத்தமை பெரும்பணி. ஆயினும் அச்சேறிய தொகுப்பு சொல்லையே காக்கும், குரலைக் காவாது. சாபாடோஸ் போன்ற ஒருவர் தோன்றுவதற்கு முன்னரே பார்டோக்கின் மெழுகு உருளைகள் இருந்தன. கவியை இலக்கியமாக மட்டும் கற்பிக்கும் தமிழ்த்துறைகள் அதனை ஒலியாகவும் பதிந்து ஆராய முன்வருதல் வேண்டும். பழைய இராகத்தில் கவி இசைக்கவல்ல முதியோர் ஒவ்வொருவராக மறைந்துவரும் இக்காலத்தில் இப்பணி தாமதத்துக்குரியதன்று. குரல் அழிந்தபின் செய்யப்படும் எந்தக் கலப்பும் ஒரு மரபை மட்டுமே கொண்டதாக அமையும்.