தோற்கும் அனுமன்

2009ல் வந்த 'ஹனுமான்: பாய் வாரியர்' இரண்டு பக்கமும் அடி வாங்கிய வீடியோ விளையாட்டு. பிளேஸ்டேஷன் 2க்காக முழுக்க இந்தியாவிலேயே, ஹைதராபாத்தின் அரோனா நிறுவனத்தில், உருவான முதல் விளையாட்டு அது. ஆட்டம் கைக்குப் படியவில்லை, காட்சிகள் மட்டம் என்றார்கள் விமர்சகர்கள். தெய்வத்தை ஆடுபவனின் பொத்தானுக்குள் அடக்குவது அவமதிப்பு என்று அமெரிக்காவிலிருந்து ராஜன் ஜெட் கண்டித்தார்.

குறைகள் உண்மை. 2006லேயே பிளேஸ்டேஷன் 3 வந்துவிட்டது. இது பழைய இயந்திரத்துக்குத் தாமதமாக வந்த சரக்கு. இருந்தும் எனக்குப் பிடித்திருக்கிறது. நான் தப்பாக அழுத்தினால் சிறுவன் அனுமன் தோற்கிறான். பலம் இருக்கிறது, வசப்படவில்லை. தன் பலத்தையே மறந்திருந்தவன் என்று புராணம் சொல்லும் அனுமன் இவன்தான். இது திட்டமிட்டு நேர்ந்ததா என்பது வேறு விஷயம்.

அவமதிப்பு என்பவர்கள் ராமேஸ்வரத்து ஸ்தல புராணத்தைப் பார்க்கலாம். கைலாயத்திலிருந்து லிங்கம் கொண்டுவர அனுமன் தாமதித்தான். அதற்குள் சீதையின் மணல் லிங்கம் பிரதிஷ்டையாகிவிட்டது. அதைப் பெயர்க்கப் பார்த்தும் தோற்றான். ஆனாலும் அவன் கொண்டுவந்த விஸ்வலிங்கத்துக்குத்தான் இன்றும் முதல் பூஜை. தோற்கும் அனுமன் இந்தக் கரைக்குப் புதியவனல்ல.

மதிப்பெண் போடும் விமர்சனம் குறையைக் கண்டதோடு நின்றுவிடுகிறது. அந்தக் குறை அனுபவத்தில் என்னவாகிறது என்று கேட்பதும் அதன் வேலை.