தண்ணீருக்கு அடியில் ஓர் ஊர்

இங்கிலாந்தின் ஓட்டப்பாதைகளைப் பற்றிய குறிப்புகளை விரும்பி வாசிப்பவன் நான். பீக் டிஸ்ட்ரிக்டில் லேடிபோவர் நீர்த்தேக்கத்தைச் சுற்றி ஓடும் பாதைக்கு, நான் வாசித்த பல குறிப்புகள் மூன்று விஷயங்களைச் சொல்கின்றன: தூரம், ஏற்றம், இயற்கை எழில். மூன்றாவதுதான் இடிக்குது.

அந்த எழிலை மனிதர்கள் கட்டினார்கள். 1935-ல் வேலை தொடங்கிய அணைக்காக டெர்வென்ட், ஆஷொப்டன் என்ற இரண்டு ஊர்கள் மூழ்கின. கல்லறைத் தோட்டத்து உடல்களைத் தோண்டியெடுத்து பாம்ஃபோர்டில் புதைத்தார்கள். மிஞ்சியிருந்த தேவாலயக் கோபுரத்தை 1947-ல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். கரையோர ஊசியிலைக் காடும் நட்டு வளர்த்ததுதான்.

பொறியியல் படித்தவனாக அந்த அணைமேல் எனக்கு மதிப்பு உண்டு. ஷெஃபீல்டுக்கும் நாட்டிங்ஹாமுக்கும் தண்ணீர் வேண்டியிருந்தது. ஆனா, அதுக்கு விலை கொடுத்தவர்களை 'இயற்கை' என்ற ஒரே சொல்லில் அழிப்பது மோசமான எழுத்து.

மூச்சிரைக்க ஓடுறவனுக்கு வரலாறு எதுக்குன்னு கேட்பீர்கள். ஒரு வரி போதும். 2018-ல் நீர்மட்டம் இறங்கியபோது, டெர்வென்ட்டின் இடிபாடுகள் வெளியே தெரிந்தன. அந்த ஊர் இன்னும் பாதையோரத்தில்தான் இருக்கிறது, குறிப்பில்தான் இல்லை.