வாக்குமூலத்தின் ஆசிரியர் யார்?

ஓர் எழுத்தை விமர்சிக்க உட்காருகிறவன் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இதை எழுதியவர் யார் என்பதுதான். நடை நன்றாயிருக்கிறதா, உண்மை இருக்கிறதா என்பதெல்லாம் அதற்குப் பிறகு. நாவல் எழுதுகிறவன் பிறனுடைய வாயில் தன் வார்த்தைகளை வைக்கிறான். 'நான்' என்று ஆரம்பித்துத் தான் அல்லாத ஒருவனுடைய கதையைச் சொல்கிறான். வாசகனுக்கும் அது தெரியும். தெரிந்து, ஒப்புக்கொண்டுதான் படிக்கிறான். அதே உத்தியை, யாரும் ஒப்புக்கொள்ளாமலே, உயிரோடு இருக்கிற ஒரு மனிதன் மேல் கையாண்டால் என்ன ஆகும்? போலீஸ் அதிகாரி எழுதிக் கைதி கையெழுத்துப் போடுகிற ஒப்புதல் வாக்குமூலம் அப்படிப்பட்ட எழுத்து. அது சட்ட விஷயம் என்று வக்கீல்களுக்கு விட்டுவிடுகிறோம். எழுத்தைப் பற்றிப் பேசுகிறவனுக்கும் அதில் சொல்ல வேண்டியது உண்டு என்பது என் அபிப்பிராயம்.

நம் நாட்டுச் சட்டம் இந்த விஷயத்தில் ஆதியிலிருந்தே சந்தேகப்பட்டது. 1872-ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டத்தின் 25-ஆவது பிரிவு, போலீஸ் அதிகாரியிடம் சொன்ன ஒப்புதலைச் சொன்னவனுக்கு எதிராக நிரூபிக்கவே கூடாது என்றது. அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் வெள்ளைக்காரர்கள். போலீஸும் அவர்களுடைய போலீஸ்தான். இந்தத் தேசத்தை அடக்கி ஆள அவர்களுக்கு வேண்டியிருந்த போலீஸ். அப்படியிருந்தும் லாக்கப்பில் பிறந்த வார்த்தையை நம்ப அவர்கள் துணியவில்லை. கைதி உண்மையாகவே மனம் திறந்து பேச விரும்பினால் மாஜிஸ்திரேட்டிடம் பேசட்டும். அவர் யோசிக்க அவகாசம் கொடுத்து, இஷ்டப்பட்டுத்தான் சொல்கிறானா என்று விசாரித்து எழுதிக்கொள்ளட்டும் என்று ஏற்பாடு செய்தார்கள். 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய சாட்சியச் சட்டமும் பிரிவின் எண்ணை மாற்றினாலும் விதியை வைத்துக்கொண்டிருக்கிறது.

இந்தச் சந்தேகத்தைக் கைவிட்டது சுதந்திர இந்தியாவின் பார்லிமெண்டு. 1985-ல் வந்து, 1987-ல் மறுபடியும் இயற்றப்பட்ட தடாச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு, சூப்பரிண்டெண்டெண்ட் பதவிக்குக் குறையாத போலீஸ் அதிகாரி பதிவு செய்த ஒப்புதல் கோர்ட்டில் செல்லும் என்றது. சப்-இன்ஸ்பெக்டர் எழுதினால் பொய்யாக இருக்கலாம், சூப்பரிண்டெண்டெண்ட் எழுதினால் உண்மையாகிவிடும் என்பதுபோல ஒரு நம்பிக்கை. குற்றப்பத்திரிகை போடாமல் ஒரு வருஷம் வரையில் ஆளை உள்ளே வைத்திருக்கவும் அந்தச் சட்டம் முதலில் இடம் கொடுத்தது. வருஷக்கணக்கில் காவலில் வைக்கிற அதிகாரமும், காவலில் வைத்தவனுடைய வார்த்தையை எழுதுகிற அதிகாரமும் ஒரே கையில் சேர்ந்தன.

1994 மார்ச்சில் கர்த்தார் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் இதைப் பரிசீலித்தார்கள். மூன்று பேர் 15-ஆவது பிரிவு செல்லும் என்றார்கள். ராமசாமி, சஹாய் என்ற இரண்டு பேர் செல்லாது என்றார்கள். அடுத்த வருஷம் மே மாதத்தில் சட்டமே காலாவதியாயிற்று. அதற்குள் 76,000 பேருக்கு மேல் அதன்கீழ்க் கைதாகியிருந்தார்கள். அவர்களில் நூற்றுக்கு இரண்டு பேருக்குக்கூடக் குற்றம் ருசுவாகவில்லை. தண்டனை வாங்கிக் கொடுக்க அந்தச் சட்டம் அவ்வளவாக உதவவில்லை. அடைத்து வைக்க உதவிற்று.

ருசுவான வழக்குகளில் நம் ஊர் வழக்கு ஒன்று உண்டு. அதைத்தான் நான் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

1991 மே 21-ஆம் தேதி இரவு ஸ்ரீபெரும்புதூரில் நடந்ததைப் பற்றித் தமிழ் வாசகர்களுக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். அவரோடு கடமையில் நின்ற காவலர்கள் செத்தார்கள். கவிதை வாசித்துக் காட்ட வந்த ஒரு சிறுமி செத்தாள். எந்தக் கொள்கையின் பெயராலும் அதற்குச் சமாதானம் சொல்ல முடியாது. நான் பேசப்போவது அதற்குப் பிறகு எழுதப்பட்டவற்றைப் பற்றி.

ஒரு வருஷம் முடிய ஒரு நாள் இருக்கையில், 1992 மே 20-ல், 41 பேர் மேல் குற்றப்பத்திரிகை தாக்கலாயிற்று. அவர்களில் 12 பேர் இறந்துபோயிருந்தார்கள். மூன்று பேர் அகப்படவில்லை. மிஞ்சிய 26 பேரைப் பூந்தமல்லி சிறப்புக் கோர்ட்டு கதவைச் சாத்திக்கொண்டு விசாரித்தது. 1998 ஜனவரி 28-ல் 26 பேருக்கும் தூக்கு என்று தீர்ப்பு வந்தது. பெரிய குற்றம், சின்னக் குற்றம் என்ற வித்தியாசம் அந்தத் தீர்ப்பில் இல்லை.

சாட்சியத்தில் முக்கியமானவை 17 பேரின் ஒப்புதல் வாக்குமூலங்கள். பதினேழையும் பதிவு செய்தவர் ஒரே அதிகாரி. பதினேழு பேர் 'நான்' என்று பேசுகிறார்கள். எழுதிய கை ஒன்று. கதைகளில் இப்படி நேர்ந்தால், பாத்திரங்கள் எல்லாம் ஆசிரியர் குரலிலேயே பேசுகின்றன என்று குறை சொல்வோம். போதாததற்கு, டில்லியில் நீதிபதிகள் படிப்பது இங்கிலீஷில். தமிழில் ஒருவன் தயங்கிச் சொன்னதும் தைரியமாகச் சொன்னதும் அங்கே போய்ச் சேரும்போது ஒரே மாதிரி ஆகிவிடும்.

1999 மே 11-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. தாமஸ், வாத்வா, காத்ரி என்ற மூன்று நீதிபதிகள். பத்தொன்பது பேரைக் கொலை, சதிக் குற்றங்களிலிருந்து விடுவித்தார்கள். அவர்களில் சிலர் மேல் மிஞ்சிய சில்லறைக் குற்றங்களுக்கு உரிய தண்டனையை அவர்கள் ஏற்கனவே அனுபவித்துத் தீர்த்திருந்தார்கள். தூக்குத் தண்டனைக் கைதிகளாகப் பதினைந்து மாதம் இருந்துவிட்டு அவர்கள் வெளியே வந்தார்கள். மூன்று பேருக்கு ஆயுள். நளினி, முருகன், சாந்தன், பேரறிவாளன் ஆகிய நாலு பேருக்குத் தூக்கு உறுதியாயிற்று. நளினிக்கு மட்டும் ஆயுள் போதும் என்றார் தாமஸ்; மற்ற இருவரும் ஒப்பவில்லை.

இந்தத் தீர்ப்பில் என்னை நிறுத்தி வைக்கிற இடம் ஒன்று உண்டு. செய்தது கொலைச் சதியே ஒழிய, தடாச் சட்டம் சொல்கிற பயங்கரவாதக் குற்றம் ஆகாது என்று கோர்ட்டு முடிவு செய்தது. தடாக் குற்றங்கள் எல்லாருக்கும் தள்ளுபடி. அப்படியானால் தடாவின் தயவால் மட்டுமே சாட்சியமான வாக்குமூலங்கள்? அவை நிற்கும் என்றது கோர்ட்டு. அந்தச் சட்டத்தின்படி மற்றக் குற்றங்களையும் சேர்த்து விசாரிக்கலாம் ஆகையால், வாக்குமூலம் அவற்றுக்கும் செல்லும் என்பது காரணம். சட்டத்தின் சொற்களை வைத்துப் பார்த்தால் தர்க்கம் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் சாதாரண வாசகன் ஒருவன் கேட்பான்: சாதாரணக் கொலை வழக்கு என்றால் போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் குப்பைக்குப் போயிருக்கும். சாதாரணக் கொலை வழக்கு என்றால் முதலில் ஹைகோர்ட்டுக்கு அப்பீல் போயிருக்கலாம். தடா வழக்கானபடியால் நேரே டில்லிக்குத்தான் போக வேண்டியிருந்தது. கடைசியில், இது தடா வழக்கே அல்ல என்றால், இழந்ததை யார் திருப்பித் தருவது? தீர்ப்பில் இதற்குப் பதில் இல்லை.

இனி, ஒரு வாக்கியத்தின் கதை. பேரறிவாளன் 1991 ஜூனில் பிடிபட்டபோது அவருக்கு வயது பத்தொன்பது. ஒன்பது வோல்ட் பாட்டரி இரண்டு வாங்கிச் சிவராசனிடம் கொடுத்ததாக அவருடைய வாக்குமூலத்தில் இருக்கிறது. அவை வெடிகுண்டில் பயன்பட்டன என்பது வழக்கு. வழக்கில் இருந்தது இது ஒன்றுதான் என்று நான் சொல்லவில்லை. பொய்யான முகவரி கொடுத்து மோட்டார் சைக்கிள் வாங்கினார் என்பது போன்ற வேறு விஷயங்களும் உண்டு. ஆனாலும் அவரைக் குண்டோடு இணைக்கிற கயிறு அந்தப் பாட்டரிதான். 2011 செப்டம்பர் 9 என்று தூக்குக்கு நாள்கூடக் குறித்தாயிற்று. சென்னை ஹைகோர்ட்டு தடை போட்டதால் அந்த நாள் கடந்தது. அதற்கு இரண்டு வருஷம் கழித்து, 2013-ல், வாக்குமூலத்தைப் பதிவு செய்த அதிகாரி, ஓய்வு பெற்ற பிறகு, வெளிப்படையாகப் பேசினார். பாட்டரி எதற்கு என்று தனக்குத் தெரியாது என்றும் பேரறிவாளன் சொன்னார். அதை எழுதினால் ஒப்புதல் ஒப்புதலாக நிற்காது என்பதால் தாம் எழுதவில்லை என்றார். 2017-ல் இதைப் பிரமாணப் பத்திரமாகவே சுப்ரீம் கோர்ட்டில் கொடுத்தார்.

இந்த விடுதல் எத்தகையது என்று யோசிக்க வேண்டும். ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவே வல்லம் வடகால் என்ற ஊர் இருக்கிறது. இன்று அங்கே சிப்காட் தொழிற்பேட்டை. தொழிற்சாலைப் பெண்கள் 18,720 பேர் தங்குவதற்கு 2024-ல் அங்கே மாடி மாடியாக விடுதி கட்டித் திறந்தார்கள். அதில் இருக்கிற எத்தனையோ பேருக்குப் பத்தொன்பது, இருபது வயதுதான் இருக்கும். தன் கையால் பொருத்தி அனுப்புகிற சின்ன உறுப்பு எந்தத் தேசத்தில் யார் கைக்குப் போய் எதற்குப் பயன்படும் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. தெரிய வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதும் இல்லை. பாட்டரி எந்தக் கடையிலும் கிடைக்கிற சரக்கு. அதில் குற்றம் கிடையாது. குற்றம் இருந்தால் வாங்கினவன் மனசில் இருக்க வேண்டும். அவன் மனசைப் பற்றிய வாக்கியம் வாக்குமூலத்தில் அது ஒன்றுதான். அது ஒன்றைத்தான் விட்டார்கள்.

கதை எழுதுகிறவனுக்கு இது நன்றாக விளங்கும். சேர்ப்பதைவிட விடுவதால்தான் கதைக்கு உருவம் கிடைக்கிறது. ஒரு பாத்திரத்தின் தயக்கத்தை எடுத்துவிட்டால் அவனை வில்லனாக்கிவிடலாம். புதிதாகப் பொய் ஒன்றும் சேர்க்க வேண்டியதில்லை. அந்த அதிகாரி கொடுமைக்காரர் என்று நான் நினைக்கவில்லை. கொடுமைக்காரராக இருந்தால் பின்னால் வந்து சொல்லியிருக்க மாட்டார். நல்ல மனிதர் ஒருவர், வேலையைச் சரியாகச் செய்வதாக எண்ணி, ஒரு வாக்கியத்தை விட்டார். அதனால்தான் இதை ஆளின் குற்றம் என்று தள்ளிவிட முடியவில்லை. வழக்கை நடத்துகிறவரையே வாக்குமூலத்தின் ஆசிரியராகவும் ஆக்கினால், வழக்குக்குப் பொருந்தாத வாக்கியம் அவர் பேனாவில் வராது.

பிறகு நடந்தது தெரிந்ததே. நளினியின் தண்டனை 2000-ல் ஆயுளாயிற்று. கருணை மனுக்களைத் தாமதித்த காரணத்தால் மற்ற மூவரின் தூக்கும் 2014 பிப்ரவரி 18-ல் ஆயுளாயிற்று. விடுதலை செய்யலாம் என்று 2018-ல் தமிழ்நாட்டு மந்திரிசபை சிபாரிசு செய்து, கவர்னர் வருஷக்கணக்கில் முடிவு சொல்லாததால், 2022 மே 18-ல் சுப்ரீம் கோர்ட்டே தன் விசேஷ அதிகாரத்தால் பேரறிவாளனை விடுவித்தது. அப்போது அவருக்கு வயது ஐம்பது. மற்ற ஆறு பேர் நவம்பரில் விடுதலையானார்கள். அவர்களில் இலங்கைக்காரர்கள் நாலு பேரைத் திருச்சி சிறப்பு முகாமில் கொண்டுபோய் வைத்தார்கள். சாந்தன் ஊருக்குத் திரும்பாமலே 2024 பிப்ரவரியில் இறந்தார்.

இந்த முடிவை நிரபராதி என்ற தீர்ப்பாகக் கொண்டாடினவர்கள் உண்டு. கொலைகாரர்களைத் திறந்துவிட்டார்கள் என்று பொருமினவர்களும் உண்டு. இரண்டு பேரும் தீர்ப்பைச் சரியாகப் படிக்கவில்லை. தாமதமும் அதிகார வரம்பும்தான் அதில் பேசப்பட்டன. விட்டுப்போன வாக்கியத்தை வைத்து வழக்கை மறுபடியும் நிறுத்துப் பார்க்கிற காரியம் கடைசிவரை நடக்கவில்லை. செத்தவர்களின் குடும்பங்களுக்குத்தான் இதில் பெரிய நஷ்டம். அந்த இடுப்புப் பட்டைக் குண்டைச் செய்தவர் யார் என்பதைக் கண்டுபிடிக்கவில்லை. பெரிய சதியை விசாரிக்க அமைத்த விசேஷக் குழுவையும் 2022-ல் கலைத்துவிட்டார்கள். பாட்டரி வாங்கினவர் முப்பது வருஷத்துக்கு மேல் உள்ளே இருந்தார். குண்டு செய்தவருக்குப் பெயர்கூட இல்லை. ஸ்ரீபெரும்புதூர் நினைவிடத்தில் ஏழு தூண்கள் நிற்கின்றன. சத்தியத்துக்கு ஒன்று, நியாயத்துக்கு ஒன்று என்று அவற்றுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

பயங்கரவாதி சாட்சி வைத்துக்கொண்டு காரியம் செய்வதில்லை, ஆகையால் அவன் வாயிலிருந்துதான் உண்மையை எடுக்க வேண்டியிருக்கிறது என்பார்கள். நியாயமான வாதம்தான். அதற்கு மாஜிஸ்திரேட்டு இருக்கிறாரே! உண்மையாக மனம் மாறினவன் அவரிடம் சொல்ல ஏன் தயங்க வேண்டும்? போலீஸிடம் சொல்லி மாஜிஸ்திரேட்டிடம் மறுக்கிறான் என்றால், இரண்டில் எது இஷ்டப்பட்டுச் சொன்னது என்று சந்தேகப்படுவதுதான் விவேகம். 2006-ஆம் வருஷத்துப் பம்பாய் ரயில் குண்டுவெடிப்பு வழக்கு மகாராஷ்டிரத்தின் திட்டமிட்ட குற்றத் தடுப்புச் சட்டத்தின்படி நடந்தது. அந்தச் சட்டத்திலும் போலீஸ் எழுதிய ஒப்புதல் செல்லும். 2015-ல் ஐந்து பேருக்குத் தூக்கு, ஏழு பேருக்கு ஆயுள். 2025 ஜூலை 21-ல் பம்பாய் ஹைகோர்ட்டு பன்னிரண்டு பேரையும் விடுதலை செய்தது. வாக்குமூலங்களின் சில பகுதிகள் ஒன்றைப் பார்த்து ஒன்றை எழுதியதுபோல ஒரே மாதிரி இருந்ததையும் ஒரு காரணமாகச் சொன்னது. அந்த நீதிபதிகள் செய்தது நல்ல விமர்சகனுடைய வேலை. தாமதமாக, பத்தொன்பது வருஷம் கழித்து நடந்தது. அரசாங்கம் மேலே சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிருக்கிறது. ஆனாலும் குண்டு வைத்தது யார் என்று அந்த ஊர் ஜனங்களுக்கும் யாரும் இதுவரை திருப்தியாகச் சொல்லவில்லை.

இப்போது தேசம் முழுவதற்கும் உள்ள சட்டவிரோத நடவடிக்கைத் தடுப்புச் சட்டத்தில் அந்த 15-ஆவது பிரிவுக்கு வாரிசு இல்லை. அது நல்லதுதான். ஆனால் குற்றப்பத்திரிகைக்கு 180 நாள் வரை அவகாசமும், ஜாமீனை அரிதாக்கும் பிரிவும் அதில் இருக்கின்றன. மாகாணச் சட்டங்கள் சிலவற்றில் போலீஸ் வாக்குமூலமும் பிழைத்திருக்கிறது. அடுத்த பெரிய குண்டு வெடிக்கிற அன்று, பழைய பிரிவைக் கொண்டுவா என்று கூக்குரல் எழும். அன்று நம்மில் பலர் ஆமாம் என்போம், துக்கம் அப்படிப்பட்டது. அதற்கு முன்னால் இந்த ஒரு வழக்கை நிதானமாகப் படித்து வைத்துக்கொள்வது நல்லது. போலீஸ் விசாரிக்கட்டும், எழுதட்டும். அது அவர்கள் வேலை. எழுதியதைப் போலீஸ் எழுதியது என்றே கோர்ட்டில் கொடுக்கட்டும். கைதி சொன்னது என்று கொடுக்க வேண்டாம்.