படையாளின் எழுத்தும் ஊவா மண்ணும்: ஹென்றி மார்ஷலின் நூல் பற்றிய ஒரு மதிப்பீடு

1815ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் திகதி கண்டியில் கைச்சாத்திடப்பட்ட உடன்படிக்கையை நம் மாணவர்கள் பெரும்பாலும் அதன் ஐந்தாம் வாசகத்துக்காகவே படிக்கின்றனர். பௌத்த சமயத்தின் பாதுகாப்புப் பற்றிய அவ்வாசகத்தை முன்வைத்து அரசியலாரும் வரலாற்றாசிரியரும் எழுதிக் குவித்தவை ஏராளம். அதற்கு அடுத்துள்ள ஆறாம் வாசகத்தின்மீது நின்று நிதானித்தவர் மிகச் சிலரே. உடல்மீது நிகழ்த்தப்படும் எவ்வகைச் சித்திரவதையும், கை கால் முதலிய உறுப்புகளைச் சிதைக்கும் தண்டனைகளும் இனி இல்லை என அது விதிக்கின்றது. ஏழாம் வாசகமோ, தேசாதிபதியின் எழுத்துமூல ஆணையின்றி எவருக்கும் மரண தண்டனை நிறைவேற்றப்படலாகாது என்கின்றது. சித்திரவதையை ஒழிக்கும் ஒரு சட்டவாசகம் இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே இந்நாட்டில் எழுதப்பட்டுவிட்டது என்பதை முதலில் மனத்திற் கொள்ளல் வேண்டும்.

அவ்வாசகம் எதற்காக எழுதப்பட்டது என்பதும் நோக்கத்தக்கது. வீழ்த்தப்பட்ட மன்னனின் கொடுமைகளை எடுத்துக்காட்டி, அவற்றினின்றும் குடிகளை மீட்க வந்தோம் என்று சொல்லிக்கொண்டே ஆங்கிலேயர் கண்டியைக் கைப்பற்றினர். ஆகவே சித்திரவதை ஒழிப்பு வெற்றியாளனின் பெருமிதச் சாசனமாயிற்று. பிறரது கொடுமையைக் கண்டிப்பது எளிது. அதே வாசகம் தம் படையையும் கட்டுப்படுத்துமோ என்ற கேள்வி எழுவதற்கு முழுதாக மூன்று ஆண்டுகள்கூடச் செல்லவில்லை. 1817இன் பிற்பகுதியில் வெல்லஸ்ஸையிலும் ஊவாவிலும் கிளர்ச்சி மூண்டது. பதுளையிலிருந்த உதவி வதிவிடப் பிரதிநிதி வில்சன் கொல்லப்பட்டார். கிளர்ச்சியை அடக்க அனுப்பப்பட்ட ஊவாத் திசாவை கெப்பெட்டிபொல கிளர்ச்சியாளரோடு சேர்ந்துகொண்டார். தேசாதிபதியும் படைத்தலைவருமாக ஒருங்கே விளங்கிய பிரௌன்றிக் இராணுவச் சட்டத்தைப் பிரகடனஞ் செய்தார்.

அப்போரைப்பற்றிப் படைக்குள்ளிருந்தே எழுதியவர் இருவரை இங்கு எடுத்துக்கொள்கின்றேன். இருவரும் இராணுவ மருத்துவர்கள். ஒருவர் ஜோன் டேவி. இரசாயன அறிஞர் ஹம்ப்ரி டேவியின் தம்பி. இலங்கை உட்பகுதியைப் பற்றிய அவரது நூல் 1821இல் வெளிவந்தது. மற்றவர் ஹென்றி மார்ஷல். ஸ்கொத்லாந்தினர், படையினரின் நோய், மரணம் ஆகியவற்றைப் புள்ளிவிபரவியல் நோக்கில் ஆராய்ந்த முன்னோடிகளுள் ஒருவர். அவருடைய இலங்கை நூல் 1846இல் வந்தது.

டேவியின் நூலில் கிளர்ச்சியடக்கத்தின் முறை ஒரு சிறு பந்திக்குள் சொல்லப்பட்டுவிடுகின்றது. ஒரு பிரிவில் கிளர்ச்சி எழுந்ததும் அங்கே படைநிலைகள் அமைக்கப்பட்டன. எதிர்த்தோரின் வீடுகள் எரிக்கப்பட்டன. கனிதரு மரங்கள் பலவிடத்தும் வெட்டப்பட்டன. சிறு படைக்கூறுகள் நாட்டைச் சல்லடையிட்டுத் தேடின. எதிர்த்து நின்றோரையும் ஆயுதத்தோடு அகப்பட்டோரையும் கொல்ல அவற்றுக்கு அதிகாரம் இருந்தது. அவர் கூறுவதன் சாரம் இதுவே. இதைவிடக் கொடியன நடந்தனவாக மேடைகளிற் பேசப்படுவதுண்டு. ஆதாரந் தேடிக் களைக்க வேண்டியதில்லை, டேவி எழுதியதே போதுமானது. ஆங்கிலப் படையில் ஏறத்தாழ ஆயிரவரும், கண்டி மக்களில் ஏறத்தாழப் பதினாயிரவரும் மாண்டனர் என்பது அவரது மதிப்பீடு. படையினரைக் கொன்றது பெரும்பாலும் நோய். மக்களைக் கொன்றது குண்டு மட்டுமன்று, பசியும்தான்.

இங்கு இலக்கிய மாணவனின் கண்ணுக்குப் படுவது ஒரு இலக்கணச் செய்தி. எரிக்கப்பட்டன, வெட்டப்பட்டன, அமைக்கப்பட்டன என எல்லாம் செயப்பாட்டு வினைகள். எரித்தவன் யார், வெட்டச் சொன்னவன் யார் என்னும் எழுவாய் வாக்கியத்துள் வருவதேயில்லை. கண்டி நாட்டினுள் நாம் புகாமலே இருந்திருக்கலாமோ என்னுந் தொனியில் டேவி வருந்துவது உண்மை. ஆயினும் அது நிகழ்ந்துவிட்ட ஒரு துயரத்துக்கான வருத்தமேயன்றி, செய்தவர்மீதான தீர்ப்பன்று. இன்றைய அரசாங்க அறிக்கைகளிலும் இராணுவப் பேச்சாளரின் கூற்றுகளிலும் இதே வினைவடிவம் தழைத்திருப்பதைக் காண்கையில், டேவி தனித்தவரல்லர் என்பது புலனாகும்.

மார்ஷலின் வாக்கியங்கள் வேறு வகையின. அவர் கெப்பெட்டிபொலவை நேரில் அறிந்தவர். 1818 நவம்பர் 26ஆம் திகதி கண்டி போகம்பரையில் அத்திசாவை தலை துணிக்கப்பட்ட நிகழ்வை அவர் சித்திரிக்கும் பகுதியில் கைதியின் அமைதியும் கண்ணியமும் எதிரியின் பேனாவிலேயே பதிவாகின்றன. அதற்கும் அப்பாற் சென்று, கிளர்ச்சி வென்றிருக்குமாயின் இம்மனிதர் தேசபக்தர் எனப் போற்றப்பட்டிருப்பார், தோற்றமையாலேயே துரோகியெனத் தண்டிக்கப்பட்டார் என்று அவர் தீர்ப்புரைக்கின்றார். இராணுவ நீதிமன்றம் ஒன்று துரோகி எனத் தீர்த்தவரை, அதே படையின் சீருடையணிந்தவர் அச்சொல்லினின்றும் மீட்பது சிறிய காரியமன்று. கைதியை வதைப்பதற்கு முன்னர் அவனுக்கு ஒரு பெயர் சூட்டியாக வேண்டும். துரோகி, பயங்கரவாதி, சந்தேகநபர் என்ற பெயர்களே வதைக்கான முதல் அனுமதிச் சீட்டுகள். மார்ஷல் அப்பெயரையே கேள்விக்குள்ளாக்கினார்.

இந்தப் பார்வை அவருக்கு எங்கிருந்து வந்தது? மனிதாபிமானம் என்ற பொதுச் சொல்லால் இதனை விளக்கிவிட்டு நகர எனக்கு விருப்பமில்லை. அதே 1846இல் மார்ஷல் இன்னொரு நூலையும் வெளியிட்டார். அது பிரித்தானியப் படையில் ஆட்சேர்ப்பும் தண்டனையும் பற்றியது. கசையடி முறையை விரிவாக ஆராய்ந்து கண்டிப்பது. ஒரு படையாளுக்குக் கசையடி வழங்கப்படும்போது படைப்பிரிவின் மருத்துவர் அருகில் நின்றேயாக வேண்டும். இன்னும் எத்தனை அடியை இவ்வுடல் தாங்கும், எப்போது நிறுத்த வேண்டும் என்று சொல்வது அவரது கடமை. அடிப்பவன் வேறொருவன், ஆணையிட்டவன் மற்றொருவன், ஆனால் அடி தொடர்வதற்கான ஒப்புதல் மருத்துவரின் மௌனத்திலிருந்தே கிடைக்கின்றது. நம் காலத்து விசாரணைக் கூடங்கள் பலவற்றிலும் மருத்துவனுக்கு ஒதுக்கப்பட்ட இடம் இதுவே. தன் படையாளின் முதுகு கிழிவதை இவ்வாறு எண்ணி எண்ணிப் பார்த்த ஒருவரே எதிரியின் உடலையும் உடலாகக் காணும் பக்குவம் பெற்றார் என்பது என் துணிபு. அவ்வாண்டிலேயே இங்கிலாந்தின் ஹவுன்ஸ்லோவில் நூற்றைம்பது கசையடி பெற்ற படையாள் ஒருவன் இறந்தான், நாடு கொதித்தது, அடிகளின் உச்ச எண்ணிக்கை ஐம்பதாகக் குறைக்கப்பட்டது. 1881இல்தான் அத்தண்டனை முற்றாக நீங்கிற்று.

ஆயினும் மார்ஷலை வழிபாட்டுக்குரியவராக்குதல் திறனாய்வாகாது. கெப்பெட்டிபொலவின் மண்டையோட்டை எடின்பரோவின் கபாலவியற் சங்கத்துக்குக் கொண்டு சேர்த்தவரும் அவரே. கண்ணியமான எதிரியெனத் தாம் எழுதிய மனிதரின் தலையையே காட்சிப்பொருளாக்க அவரது விஞ்ஞானம் அவருக்கு இடங்கொடுத்தது. அம்மண்டையோடு இந்நாடு சுதந்திரம் பெற்ற பின்னரே திரும்பி வந்து, 1954இல் கண்டியில் அடக்கஞ் செய்யப்பட்டது. இரண்டாவது குறை காலம் பற்றியது. 1818இல் நிகழ்ந்ததை அவர் தீர்ப்பிட்டது 1846இல். அப்போது அவர் எழுபது வயதைக் கடந்தவர், சேவையினின்றும் ஓய்ந்தவர். பிரௌன்றிக் இறந்தே பதின்மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்துச் சொல்லப்படும் உண்மை வரலாற்றுக்கு உதவும். ஊவாவில் எரிந்த ஒரு கூரைக்கும் அது உதவாது.

பிந்திய சாட்சியத்தையும் உடனடி மறுப்பையும் பிரித்தறிவதற்கு வேற்று நாட்டு உதாரணம் ஒன்று துணைசெய்யும். 1957இல் அல்ஜீரியாவில் பிரெஞ்சுப் படை கைதிகளைச் சித்திரவதை செய்து தகவல் பெறும் முறையைப் பரவலாகக் கையாண்டது. தளபதி ஜாக் பாரி த பொலார்டியேர் அம்முறையை ஏற்க மறுத்து, தம்மைப் பொறுப்பினின்றும் விடுவிக்குமாறு கோரினார். அது பற்றிப் பகிரங்கமாகக் கடிதம் எழுதியமைக்காக அறுபது நாள் கோட்டைச்சிறை பெற்றார். இரண்டாம் உலகப்போரில் நாஜிகளை எதிர்த்துப் போரிட்டவர் அவர். கோழையென்று அவரை எவரும் சொல்லவியலாது. அவர் மறுத்ததால் சித்திரவதை நின்றுவிடவில்லை. எனினும் அப்படையில் இருந்த எந்த அதிகாரியும் அதன்பின், வேறு வழியிருக்கவில்லை என்று சொல்ல முடியாமற் போயிற்று. மார்ஷலிடம் இல்லாதது இதுவே.

மீண்டும் ஊவாவுக்கு வருவோம். 1818இன் அழிவுக்குப் பின்னரே இம்மலைகளில் கோப்பியும், பின்னர் தேயிலையும் வந்தன. அவற்றோடு நம் மக்களும் வந்தனர். அவர்கள் புறப்பட்ட மண்ணும் வதையறியாத மண்ணன்று. சென்னை மாகாணத்தில் வரிவசூலுக்காகவும் குற்ற ஒப்புதலுக்காகவும் நிகழ்ந்த சித்திரவதையை ஆராய்ந்த ஆணைக்குழுவின் அறிக்கை 1855இல் வெளியாயிற்று. விரல்களை நெரிக்கும் கிட்டி, உடலை வளைத்துக் கட்டிவைக்கும் அண்ணாந்தாள் ஆகிய தமிழ்ச்சொற்கள் ஆங்கில ஆவணத்துள் ஏறியது இவ்வாறே. வதைக்குச் சொற்களஞ்சியம் வைத்திருந்த மொழி நம்முடையது என்பதையும் நாம் மறத்தல் கூடாது.

கைதியின் பக்கத்திலிருந்து எழுந்த எழுத்து நம்மிடம் உண்டு. ஊவாவின் தோட்டமொன்றிற் பிறந்து, தாம் கற்பித்த தோட்டத்தின் பெயரையே தம் பெயரோடு சேர்த்துக்கொண்ட தெளிவத்தை ஜோசப், சந்தேகத்தின்பேரில் கைதாகும் தமிழனின் அனுபவத்தைக் ‘குடைநிழல்’ நாவலுக்குப் பொருளாக்கினார். ஆனால் சாவியைக் கையில் வைத்திருந்தவனின் பக்கத்திலிருந்து எழுந்த எழுத்து அரிதினும் அரிது. அதனாலேயே குறைகளோடுங்கூட மார்ஷல் நமக்கு முக்கியமாகின்றார்.

இம்மாவட்டத்துத் தியத்தலாவை இன்று இராணுவ அதிகாரிகளைப் பயிற்றும் இடம். 1900 முதல் 1902 வரை அங்கே தென்னாபிரிக்கப் போயர் கைதிகள் ஏறத்தாழ ஐயாயிரவர் அடைக்கப்பட்டிருந்தனர். அவர்கள் தமக்கென ஒரு செய்தித்தாளையும் நடத்தினர். கைதியைக் கண்ணியமாக வைத்திருக்கப் படைக்குத் தெரியாதிருக்கவில்லை. யாரை அவ்வாறு வைத்திருப்பது என்பதிலேதான் வேறுபாடு இருந்தது.

ஊவாவின் தென்கோடியில், தோட்டத் தமிழரும் சிங்களவரும் ஒருங்கே யாத்திரை செல்லும் கதிர்காமத்தில் 1971 ஏப்ரலில் நடந்தது இவ்வேறுபாட்டையும் தகர்த்தது. கிளர்ச்சியோடு தொடர்புடையவர் எனக் கைதுசெய்யப்பட்ட பிரேமவதி மனம்பேரி விசாரணைக்குட்படுத்தப்பட்டு, ஆடை களையப்பட்டு, வீதியில் நடத்திச் செல்லப்பட்டுச் சுடப்பட்டார். கைதியும் சிங்களவர், காவலரும் சிங்களவர். சித்திரவதையை இனப்பகையின் விளைவாக மட்டுமே விளங்கிக்கொள்ளும் நம்மவர் இவ்விடத்தில் சற்று நிற்றல் நன்று. லெப்டினன்ட் ஒருவரும் சார்ஜன்ட் ஒருவரும் குற்றவாளிகளாகக் காணப்பட்டுப் பதினாறு ஆண்டுக் கடூழியச் சிறை பெற்றனர். மேலதிகாரியின் ஆணை என்ற எதிர்வாதம் எழுப்பப்பட்டது. குற்றவியல் மேன்முறையீட்டு நீதிமன்றம் 1973இல் அதனை ஏற்கவில்லை. காவலில் உள்ள கைதியைக் கொல்லச் சொல்லும் ஆணை வெளிப்படையாகவே சட்டவிரோதமானது, அதற்குக் கீழ்ப்படிந்தேன் என்பது விடையாகாது என்பதே அதன் பொருள். 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சித்திரவதைச் சட்டமும் போர்நிலையையோ மேலதிகாரியின் ஆணையையோ எதிர்வாதமாகக் கொள்ள இடமளிக்கவில்லை. ஆக, மறுப்பது படையாளின் துணிவு என்பதோடு நில்லாமல் அவனது சட்டக் கடமையும் ஆயிற்று.

கடமை எழுதப்பட்ட பின்னர் நடந்ததுதான் பிந்துனுவெவ. பண்டாரவளைக்கு அருகே, தியத்தலாவையிலிருந்து சில மைல் தொலைவிலுள்ள அப்புனர்வாழ்வு முகாமில் 2000ஆம் ஆண்டு ஒக்டோபர் 25ஆம் திகதி காலை, தமிழ்க் கைதிகள் 27 பேரை ஒரு கும்பல் கொன்றது. அவர்களுட் சிலர் சிறுவர். ஆயுதந் தரித்த பொலிசார் அறுபது பேரளவில் அங்கிருந்தனர். 1855இன் ஆணைக்குழு தேடிய கிட்டியோ அண்ணாந்தாளோ இங்கு தேவைப்படவில்லை. காவலர் சும்மா நின்றதே போதுமானதாயிற்று. கசையடியின்போது அருகில் நின்ற மருத்துவரின் மௌனத்தைப் பற்றி முன்னர் சொன்னேன். அம்மௌனம் இங்கே அறுபது மடங்காக நின்றது. 2003இல் பொலிஸ் அதிகாரிகள் இருவர் உட்பட ஐவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2005 முடிவதற்குள் அவர்கள் அனைவரும் உயர் நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டனர்.

போகம்பரையிலிருந்து மார்ஷலின் நூலுக்கு இருபத்தெட்டு ஆண்டுகள் பிடித்தன. பிந்துனுவெவவுக்கும் அதேயளவு காலத்தை வழங்குவோமாயின் 2028 வரை காத்திருக்கலாம். அன்று காவல் நின்றோருள் ஒருவர், எரிக்கப்பட்டன, வெட்டப்பட்டன என்னாது, எழுவாயோடு கூடிய வாக்கியங்களில் எழுத முன்வருவாராயின், அந்நூலை மார்ஷலினதோடு ஒப்பிடும் பணி இம்மலரின் பிந்திய இதழொன்றில் எழுதப்போகும் மாணவரைச் சேரும்.