வயலுக்குள் போகும் வழி

இங்கிலாந்தின் காட்ஸ்வோல்ட்ஸ் பகுதியில் அப்பர் ஸ்லாட்டர் கிராமத்திலிருந்து லோயர் ஸ்லாட்டருக்கு ஒரு மைல் தூரம்தான். மூச்சு வாங்க வைக்கும் ஏற்றம் கிடையாது. ஐ என்ற சிற்றாற்றை ஒட்டி, ஆடுகள் மேயும் புல்வெளிகளினூடே பாதை போகிறது. புறப்படும் ஊருக்கு ஒரு பாக்கியம் உண்டு: இரண்டு உலகப் போர்களுக்கும் போன அதன் வீரர்கள் அனைவரும் உயிரோடு திரும்பினார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது, இப்படிப்பட்ட பாதைகள் தனியார் நிலத்துக்குள்ளேயே போவதுதான். நிலம் விவசாயியுடையது, நடக்கும் உரிமை எல்லோருடையது. ஊரார் தலைமுறை தலைமுறையாக நடந்தே நிலைநாட்டிய உரிமை. 1949-ஆம் ஆண்டுச் சட்டம் இவ்வழிகளை வரைபடத்தில் பதிந்து வைக்கச் சொன்னது. வழிகாட்டும் குறிகளில் மஞ்சள் அம்புக்குறி நடப்பவர்களுக்கு. நீலம் என்றால் குதிரையும் சைக்கிளும் வரலாம்.

வேலி குறுக்கிடும் இடத்தில் அரைவட்ட அடைப்புக்குள் ஆடும் சிறு கதவு ஒன்று இருக்கும். உள்ளே நுழைந்து, ஒதுங்கி நின்று, கதவைத் தள்ளிவிட்டு மறுபுறம் வெளியேற வேண்டும். மனிதர் போகலாம், மாடு போக முடியாது. பூட்டும் காவலும் இல்லாமல் இதைச் சாதித்த கைவினைஞனை வணங்கத் தோன்றுகிறது. சாந்தே இல்லாமல் தேன்நிறச் சுண்ணாம்புக் கற்களை அடுக்கிக் கட்டிய சுவர்களும் அதே புத்திசாலித்தனத்தின் பிள்ளைகள்.

லோயர் ஸ்லாட்டரில் செங்கல் புகைபோக்கியுடன் பழைய மாவு ஆலை நிற்கிறது. கால் வலிக்காதவர்கள் அடுத்த ஊரான போர்ட்டனுக்கு இன்னும் ஒன்றரை மைல் நடக்கலாம்.

வாய்ப்புக் கிடைத்தால் வசந்தத்தில் போங்கள். குட்டி ஆடுகள் இருக்கும். நீங்கள் திறந்த கதவை மறக்காமல் மூடுங்கள்.